ராத்திரி ரெண்டு மணிக்கு பூனைக்கு முடியலன்னா கிளம்புறதா, காலைல பாத்துக்கிறதா?

எங்க வீட்டு சுப்பு ஆண் பூனை, ஆரஞ்சு கலர், நல்லா தின்னு தின்னு ஆறு கிலோ. மூணு வருஷம் முன்னாடி ஒரு சனிக்கிழமை ராத்திரி லிட்டர் பாக்ஸ (அவன் ஒண்ணுக்கு ரெண்டுக்கு போற மணல் தொட்டி) விட்டுட்டு பாத்ரூம்ல ஜலதாரை பக்கத்துல போய் போய் உக்காந்தான். உக்காருவான், முக்குவான், எந்திரிப்பான், பின்னாடி நக்குவான், ரெண்டு நிமிஷத்துல திரும்ப உக்காருவான். அம்மா பாத்துட்டு சூடு புடிச்சிருக்குடா, கொஞ்சம் மோர் ஊத்தி வைன்னாங்க. நான் மலச்சிக்கல்னு நெனச்சேன். ரெண்டு பேருமே தப்பு. டைல்ஸ்ல மூணே மூணு சொட்டு, லேசா ரோஸ் கலர்ல இருந்துச்சு, அத பாத்தும் நான் மாப் போட்டு தொடச்சிட்டு போய் படுத்துட்டேன், மறுநாள் ஞாயிறு, க்ளினிக் லீவு, திங்கக்கிழமை கூட்டிட்டு போலாம்னு.

ஞாயிறு ராத்திரி பதினோரு மணிக்கு வாந்தி எடுத்துட்டு கட்டிலுக்கு அடில போய் படுத்தவன் கூப்பிட்டா காதக்கூட ஆட்டல. அப்பதான் ஆட்டோ புடிச்சோம். டாக்டர் வயித்த தொட்டு பாத்துட்டு என்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், கடைசியா எப்ப முழுசா யூரின் போச்சுன்னு. எனக்கு தெரியல. தினமும் லிட்டர் அள்றவன் நான், எனக்கு தெரியல.

சுப்பு பொழச்சிட்டான். அதுக்கப்புறம் தெரிஞ்சவங்க வீட்டு பூனைங்களுக்காக ராத்திரில எனக்கு நிறைய போன் வருது. அதுல நான் கவனிச்சது, எல்லாரும் ரெண்டு முடிவ ஒண்ணா போட்டு குழப்பிக்கிறாங்க. இப்ப டாக்டர்கிட்ட போகணுமா வேணாமாங்கிறது ஒரு முடிவு, வீட்ல அஞ்சு நிமிஷத்துல எடுக்க வேண்டியது. எவ்ளோ தூரம் வைத்தியம் பாக்கிறது, எவ்ளோ செலவு பண்றதுங்கிறது வேற முடிவு, அத டாக்டர் மேஜைக்கு முன்னாடி, என்ன வியாதின்னு தெரிஞ்சதுக்கப்புறம்தான் எடுக்க முடியும். ஜனங்க ரெண்டாவத நெனச்சு பயந்து மொதல் முடிவ தள்ளிப்போடுறாங்க, "போனா இருபதாயிரம் கேப்பாங்க, ஆபரேஷன்னு சொல்லுவாங்க" அப்படின்னு. போறதுனால எதுக்கும் நீங்க கையெழுத்து போட்டதா ஆகாது. போய் என்னன்னு கேட்டு, வலிக்கு ஒரு ஊசி போட்டுட்டு, மேல பாக்க முடியாதுன்னு சொல்லிட்டு வர்றதுக்கும் உங்களுக்கு உரிமை இருக்கு. புதுசா பூனை வளக்கிறவங்களுக்காகத்தான் இத எழுதுறேன், வரிசையா போவோம்.

ஸ்டெப் 1: அஞ்சு நிமிஷத்துல பாக்க வேண்டியது

மொதல்ல மூச்சு. பூனை சும்மா படுத்திருக்கும்போது நெஞ்சு ஒரு தடவ ஏறி எறங்குனா ஒண்ணு. போன்ல டைமர் வச்சு ஒரு நிமிஷம் எண்ணுங்க. நல்லா இருக்கிற பூனைக்கு 30க்குள்ளதான் இருக்கும். சும்மா படுத்திருக்கும்போதே 40க்கு மேல ஓடுதுன்னா, இல்ல வயிறு உள்ள போய் வெளிய வந்து கஷ்டப்பட்டு மூச்சு விடுதுன்னா கிளம்பிடுங்க. வாய தொறந்து மூச்சு வாங்குதுன்னா எண்ணவே வேணாம். நாய் வாய தொறந்து மூச்சு வாங்குறது சாதாரணம், பூனை அப்படி பண்ணாது. நல்லா ஓடி விளையாடினப்புறம் குட்டிங்க ஒரு நிமிஷம் பண்ணலாம், அதோட நிக்கணும். மூச்சு திணறுற பூனைய ரொம்ப புடிச்சு அமுக்கி வாய தொறந்து பாக்கிறது, படுக்க வைக்கிறது எதுவும் செய்யாதீங்க, அந்த பயத்துலயே போயிரும்.

அடுத்தது ஈறு. மேல் உதட்ட லேசா தூக்கி பாருங்க. ரோஸ் கலர்ல இருந்தா நல்லது. வெள்ளையா வெளுத்திருந்தா ரத்தம் கொறஞ்சிருக்கு இல்ல ஷாக்ல இருக்கு, நீலமோ ஊதாவோ இருந்தா ஆக்சிஜன் இல்ல, மஞ்சளா இருந்தா மஞ்சக்காமால, பழுப்பு கலர் அடிச்சா பாரசிட்டமால் வெஷமா இருக்கலாம், அத பத்தி கீழ சொல்றேன். ஈற விரலால அழுத்தி விட்டா வெளுத்த எடம் ரெண்டு செகண்டுக்குள்ள திரும்ப ரோஸ் ஆகணும். சில பூனைக்கு ஈறே கறுப்பா இருக்கும், அதுக்கு இது உதவாது, கண்ணோட கீழ் இமைய இழுத்து உள்பக்கம் பாருங்க. ஆரஞ்சு பூனைக்கு ஈறுல கறுப்பு புள்ளிங்க இருக்கிறது சாதாரணம், அத பாத்து பயந்துராதீங்க, எனக்கு ஒருத்தர் போட்டோ எடுத்து அனுப்பி அழுதுருக்காரு.

மூணாவது யூரின். ஆண் பூனை வச்சிருக்கிறவங்க இந்த பாராவ ரெண்டு தடவ படிங்க. ஆண் பூனைக்கு யூரின் வர்ற குழாய் நுனில ரொம்ப சன்னமா இருக்கும். உப்பு மாதிரி கிரிஸ்டலோ சளி மாதிரி ஒரு அடைப்போ அதுல போய் மாட்டிக்கும். மாட்டுச்சுன்னா மூத்திரப்பை நிறைஞ்சு கல்லு மாதிரி ஆயிரும், கிட்னி வேல செய்யாது, ரத்தத்துல பொட்டாசியம் ஏறி இதயம் மெதுவாகி ஒரு கட்டத்துல நின்னுரும். முழுசா அடைச்சதுலேர்ந்து இதெல்லாம் ஒண்ணு ரெண்டு நாள்லயே நடந்து முடிஞ்சிரும். வெளிய பாக்கிறதுக்கு மலச்சிக்கல் மாதிரியேதான் இருக்கும், அதான் எல்லாரும் ஏமாறுறோம். திரும்ப திரும்ப போய் உக்காருது, முக்குது, கத்துது, சொட்டு சொட்டா வருது இல்ல வரவே இல்ல, பின்னாடி நக்கிட்டே இருக்கு, இப்படி இருந்தா காலைல வரைக்கும் வெயிட் பண்ணாதீங்க. பின்னங்காலுக்கு முன்னாடி வயித்துல எலுமிச்சம்பழம், சில சமயம் ஆரஞ்சு சைஸ்ல கெட்டியா ஒண்ணு தட்டுப்படும். தட்டுப்பட்டா அமுக்கி பாக்காதீங்க, வெடிச்சிரும். பெண் பூனைக்கு இந்த அடைப்பு ரொம்ப அபூர்வம், அதுங்களுக்கு சொட்டு சொட்டா வந்தா நீர்க்கடுப்பாத்தான் இருக்கும், மறுநாள் காமிக்கலாம்.

இது தவிர உடனே கிளம்ப வேண்டியது: வலிப்பு நிக்காம வர்றது இல்ல ஒண்ணு முடிஞ்சு இன்னொண்ணு வர்றது, திடீர்னு கத்திக்கிட்டு பின்னங்கால இழுத்துக்கிட்டு போறது, அந்த காலு தொட்டா சில்லுனு இருக்கிறது, மாடிலேர்ந்து விழுந்தது (எந்திரிச்சு நடந்தாலும் சரி, நுரையீரல் அடி உள்ள இருக்கும்), நாய் கடிச்சது, ஏதாவது வெஷம் தின்னதுன்னு சந்தேகம், எழுப்பினா எந்திரிக்காம தொவண்டு கெடக்கிறது. டெம்பரேச்சர் பாக்க தெரிஞ்சா டிஜிட்டல் தெர்மாமீட்டர ஆசனவாய்ல வச்சு பாருங்க, 100.5லேர்ந்து 102.5 பாரன்ஹீட் சரியான அளவு, நமக்கு அது காய்ச்சல் மாதிரி தெரியும் ஆனா பூனைக்கு நார்மல். 104க்கு மேல போனாலும் 99க்கு கீழ எறங்கினாலும் கிளம்புங்க. ஜில்லுனு ஆகுறது காய்ச்சல விட மோசம்னு எனக்கு சொன்ன டாக்டர் ரெண்டு தடவ அழுத்தி சொன்னார்.

குட்டி பூனைக்கு கணக்கே வேற. தடுப்பூசி போடாத குட்டி வாந்தி எடுத்து, பேதியாகி, தண்ணி கிண்ணத்துக்கு முன்னாடி தலைய தொங்கப்போட்டு குடிக்காமலே உக்காந்திருக்குன்னா அது பேன்லூக்கோபீனியாவா இருக்கலாம், நாய்க்குட்டிங்களுக்கு வர்ற பார்வோ மாதிரி பூனைங்களுக்கு வர்ற வைரஸ் வியாதி. காலைல விளையாடின குட்டி ராத்திரி போயிரும். குட்டிக்கு உடம்புல சேத்து வச்ச தண்ணியும் கெடையாது, சக்தியும் கெடையாது, அதனால பெரிய பூனைக்கு ஒரு நாள் பொறுக்கலாம்னா குட்டிக்கு சில மணி நேரம்தான்.

ஸ்டெப் 2: எதுக்கு காலைல வரைக்கும் பொறுக்கலாம்

ஒரு தடவ வாந்தி எடுத்துட்டு திரும்ப சாப்பிடுது, நடமாடுது, பொறுக்கலாம். பேதி ஆனா சுறுசுறுப்பா இருக்கு, பொறுக்கலாம். லேசா நொண்டுது, தும்மல், கண்ணுல தண்ணி, காதுல சொறி, பொறுக்கலாம். ஒரு நாள் சாப்பிடலன்னா மறுநாள் காமிங்க, ஆனா மூணாவது நாள் வரைக்கும் "தானா சாப்பிடும்"னு விடாதீங்க. குண்டு பூனை பட்டினி கெடந்தா உடம்புல இருக்கிற கொழுப்பு மொத்தமா ஈரலுக்கு போய் ஈரலையே கெடுத்துரும். நாய் நாலு நாள் பட்டினி கெடந்து எந்திரிச்சு ஓடும், பூனை உடம்பு அப்படி கெடையாது.

ஸ்டெப் 3: கிளம்புற வரைக்கும் கைய கட்டிக்கிட்டு இருங்க

வீட்ல இருக்கிற மாத்திரை எதுவும் வேணாம். குறிப்பா பாரசிட்டமால், டோலோ, க்ரோசின், கால் மாத்திரைகூட. மனுஷன் ஈரல் அத பிரிச்சு வெளிய அனுப்புற மாதிரி பூனை ஈரலால முடியாது, ரத்தத்தையே கெடுத்து ஆக்சிஜன் எடுத்துட்டு போக விடாம பண்ணிரும், ஈறு பழுப்பாகும், மூஞ்சி வீங்கும். ஏற்கனவே யாராவது குடுத்துட்டாங்கன்னா மறைக்காம எத்தன மணிக்கு எவ்ளோன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க, மாத்து மருந்து இருக்கு, சீக்கிரம் போனா வேல செய்யும். "கொழந்த சிரப்தானே"ன்னு அம்மா அப்பா யாராவது அக்கறைல குடுத்திருப்பாங்க, அவங்கள அப்புறம் திட்டிக்கலாம்.

நாய்க்கு உண்ணி போக கழுத்துல ஊத்துற மருந்த பூனைக்கு ஊத்திட்டு உடம்பு உதறுதுன்னு போன் பண்றவங்க ஜாஸ்தி. அதுல பெர்மெத்ரின் இருந்தா பூனைக்கு வெஷம். பாத்திரம் கழுவுற சோப்பும் வெதுவெதுப்பான தண்ணியும் வச்சு கழுவி, துண்டுல தொடச்சு, உதறல் இருந்தா உடனே கிளம்புங்க. டப்பாவையும் எடுத்துக்குங்க.

பூ கட்டுற நூலு, தையல் நூலு வாய்லேர்ந்தோ பின்னாடியோ தொங்குச்சுன்னா இழுக்காதீங்க. நம்ம வீடுங்கள்ல இது நிறைய நடக்குது, மல்லிப்பூ வாசனைக்கு மென்னுட்டு நூல முழுங்கிரும். மறுமுனை உள்ள எங்கயோ மாட்டியிருக்கும், நீங்க இழுத்தா குடல் ரம்பம் வச்ச மாதிரி அறுந்துரும். தொங்குறத அப்படியே விட்டுட்டு டாக்டர்கிட்ட காமிங்க. வெஷம் தின்னதுக்கு உப்பு தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைக்கிறது, முட்டை வெள்ளை, வெளக்கெண்ணெய், மயங்கி கெடக்கிற பூனை வாய்ல ஸ்பூன்ல தண்ணி ஊத்துறது, எதுவும் வேணாம், நுரையீரலுக்கு போயிரும். எலி மருந்து தின்ன பூனை ரெண்டு நாள் நல்லாத்தான் இருக்கும், ரத்தம் உறையாம பண்ற வகை மருந்துன்னா அதுக்கப்புறம்தான் உள்ள ரத்தம் கசியும், அதனால "நல்லாத்தானே இருக்கு"ன்னு விடாம அட்டைய எடுத்துட்டு அன்னிக்கே போங்க.

ஸ்டெப் 4: போன், அப்புறம் கூடை

கிளம்புறதுக்கு முன்னாடி போன் பண்ணுங்க. போர்டுல 24 மணி நேரம்னு போட்டிருக்கும், போனா வாட்ச்மேன் மட்டும் இருப்பார், இல்ல டாக்டர் இருப்பார் ஆனா ஆக்சிஜன் இருக்காது. நீங்க கேக்க வேண்டியது இவ்ளோதான்: இப்ப டாக்டர் நேர்ல இருக்காரா, பூனை பாப்பாரா, ஆக்சிஜன் இருக்கா, ராத்திரி அட்மிட் பண்ணா கூட ஆள் இருப்பாங்களா. "ஆண் பூனை, யூரின் அடைப்பு மாதிரி இருக்கு, கேத்தடர் போடுவீங்களா"ன்னு நேரா கேளுங்க, கேத்தடர்ங்கிறது யூரின் வெளிய வர குழாய்க்குள்ள விடுற சன்னமான ட்யூப், எல்லா க்ளினிக்லயும் பூனை சைஸ்ல அது இருக்காது. இந்த கேள்விய நான் கேக்காம போய் மொத க்ளினிக்ல அரை மணி நேரம் விட்டேன்.

சென்னைல இருக்கிறவங்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு, 1903லேர்ந்து இருக்கிற காலேஜ், பெரிய டாக்டர்ங்க, ஸ்கேன், எக்ஸ்ரே, ஆபரேஷன் எல்லாம் ஒரே எடத்துல, கவர்மென்ட் கட்டணம். கூட்டம் இருக்கும், படிக்கிற பசங்க நாலு பேர் சுத்தி நின்னு பாப்பாங்க, நாய்ங்க கொலைக்கும், பூனை மெரளும், அதுக்கு கூடை மேல துண்டு போட்டு மூடி எடுத்துட்டு போங்க. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு பக்கம் இருந்தா அங்கயும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. எந்த நேரத்துல யார் இருப்பாங்கன்னு பகல்லயே ஒரு தடவ கேட்டு வச்சுக்கறது நல்லது. 1962க்கு போன் பண்ணலாமான்னு கேப்பாங்க, அது முக்கியமா ஆடு மாடுங்களுக்காக ஓடுற நடமாடும் வண்டி, ராத்திரி பூனைக்கு அத நம்பி உக்காராதீங்க.

கேரியர் இல்லன்னா மூடி போட்ட பிளாஸ்டிக் கூடை, உள்ள பழைய நைட்டியோ துண்டோ, மூடிய நாலு பக்கமும் கயிறு போட்டு கட்டுங்க. அதுவும் இல்லன்னா ஜிப் வச்ச பை, கொஞ்சம் தொறந்து. கைல தூக்கிட்டு ஆட்டோல போகாதீங்க, சிக்னல்ல ஹாரன் அடிச்சா நகத்த போட்டு குதிச்சிரும், முடியாத பூனை ரோட்ல காணாம போன கதை நிறைய. எவ்ளோ சாதுவான பூனையும் வலில கடிக்கும். கடிச்சா சோப்பு போட்டு ஓடுற தண்ணில 15 நிமிஷம் கழுவிட்டு, பூனைய காமிச்சிட்டு நீங்களும் டாக்டர பாருங்க, தெரு பூனையா இருந்தா ரேபீஸ் ஊசிய தள்ளிப்போடவே கூடாது.

எடுத்துட்டு போக வேண்டியது: தடுப்பூசி அட்டை, பழைய ரிப்போர்ட், வாந்தி இல்ல பேதியோட போட்டோ, மூச்சு வாங்குற வீடியோ, தின்னதா சந்தேகப்படுற மாத்திரை அட்டை. வீடியோ ரொம்ப முக்கியம், ஏன்னா க்ளினிக் மேஜை மேல வச்சதும் பாதி பூனைங்க பயத்துல ஒண்ணும் இல்லாத மாதிரி நடிக்கும்.

ஸ்டெப் 5: டாக்டர் மேஜைல

கதைய மொதல்லேர்ந்து சொல்லாதீங்க. வயசு, ஆணா பெண்ணா, கருத்தடை ஆச்சா, எடை, எப்ப கடைசியா சாப்பிட்டது, எப்ப கடைசியா யூரின், என்ன மாறுச்சு, என்ன மருந்து குடுத்தீங்க, இத சொல்லுங்க, மத்தத அவங்க கேப்பாங்க.

ரொம்ப மோசமான பூனைக்கு மொதல்ல டெஸ்ட் எடுக்க மாட்டாங்க, நிலைமைய நிறுத்தத்தான் பாப்பாங்க, ஆக்சிஜன், ட்ரிப்ஸ், சூடு, வலி ஊசி. அந்த முதலுதவிக்கு மட்டும் எவ்ளோ ஆகும்னு கேட்டுட்டு சரி சொல்லிருங்க, யோசிக்க டைம் கெடைக்கும். இங்கதான் ரெண்டாவது முடிவு ஆரம்பிக்குது.

சுப்புக்கு என்ன பண்ணாங்கன்னு சொல்றேன், ஒரு கேஸ் எப்படி போகும்னு தெரியும். மொதல்ல ஊசி ஏத்துற ட்யூப் போட்டு ரத்தம் எடுத்தாங்க, பொட்டாசியம் ஏறியிருந்துச்சு, இதயம் மெதுவா அடிச்சுது, அதுக்கு கால்சியம் மெதுவா ஏத்தினாங்க. பொட்டாசியம் கொறையிறதுக்கு இல்ல அது, இதயத்த காப்பாத்தறதுக்கு. அப்புறம் லேசா மயக்கம் குடுத்து கேத்தடர் போட்டாங்க. மொத தடவ போகல. ரெண்டாவது தடவ சலைன் அடிச்சுக்கிட்டே உள்ள தள்ளினதும் திடீர்னு செக்கச்செவேல்னு யூரின் பீச்சி அடிச்சு டாக்டர் கோட் மேல பட்டுச்சு, அவர் சிரிச்சார், நான் நின்னுக்கிட்டே அழுதேன். கேத்தடர அப்படியே தைச்சு, யூரின் சேர்ற பையோட விட்டு மூணு நாள் அட்மிஷன். எனக்கு மொத்தம் பதினாலாயிரம் கிட்ட ஆச்சு, மூணு வருஷம் முன்னாடி. இடத்துக்கு இடம் மாறும், கவர்மென்ட்ல இதுல கொஞ்சம்தான் ஆகும்.

அந்த ராத்திரி நான் கேட்டதும் கேக்காம விட்டதும் சேத்து, நீங்க கேக்க வேண்டிய கேள்விங்க இதெல்லாம். என்ன வியாதின்னு நெனைக்கிறீங்க, எவ்ளோ உறுதியா. சரியானா முழுசா சரியாகுமா இல்ல காலம் பூரா மருந்தா. இன்னிக்கு ராத்திரிக்கு எவ்ளோ, மொத்தமா எவ்ளோ வரைக்கும் போகலாம். எந்த டெஸ்ட் ரிசல்ட் வந்தா வைத்தியத்த மாத்துவீங்க, மாத்தாதுன்னா அந்த டெஸ்ட் இன்னிக்கு வேணுமா. 24 மணி நேரத்துல என்ன முன்னேற்றம் தெரிஞ்சா தொடரலாம். கடைசியா, "உங்க பூனையா இருந்தா என்ன பண்ணுவீங்க சார்". நிறைய டாக்டர்ங்க இதுக்கு நேரா பதில் சொல்ல தயங்குவாங்க, ஆனா அந்த தயக்கத்துலயே பதில் இருக்கும்.

காசு பத்தி பேச வெக்கப்படாதீங்க. "என்கிட்ட எட்டாயிரம்தான் இருக்கு, இதுக்குள்ள எது முக்கியமோ அத பண்ணுங்க"ன்னு மொதல்லயே சொல்லிட்டா அவங்களும் அதுக்கேத்த மாதிரி திட்டம் போடுவாங்க. சொல்லாம அட்மிட் பண்ணிட்டு மூணாவது நாள் பில்ல பாத்து பூனைய விட்டுட்டு ஓடிப்போனவங்களையும் நான் பாத்திருக்கேன், தப்பா சொல்லல, பயம்.

ஸ்டெப் 6: எவ்ளோ தூரம் போறது

வியாதிய பொறுத்து யோசிக்கிற விதம் மாறுது. சில வியாதி ஒரு தடவ தாண்டிட்டா முடிஞ்சுது: அடைப்பு, வெஷம், அடி, நூல் முழுங்கினது. வயசு கொறஞ்ச பூனைன்னா கடன் வாங்கியாவது பாருங்கன்னு நான் சொல்லுவேன், ஏன்னா அந்த பக்கம் இன்னும் பத்து வருஷம் இருக்கு. அடைப்பு திரும்ப வரலாம், அதையும் சேத்து கணக்கு போடுங்க, அடிக்கடி வந்தா குழாயோட சன்னமான நுனிய எடுத்துட்டு அகலமா வழி பண்ற ஆபரேஷன் இருக்கு. பேன்லூக்கோபீனியாவுக்கு நேரா வைரஸ கொல்ற மருந்து கெடையாது, ட்ரிப்ஸும் ஆன்டிபயாட்டிக்கும் குடுத்து அஞ்சு நாள் தாங்க வைக்கிறதுதான் வைத்தியம், தாண்டுன குட்டி முழுசா தேறிரும், தாண்டாததும் நிறைய.

சிலது தீராது, வச்சு ஓட்டலாம்: கிட்னி, சுகர், தைராய்டு. இதுல கேள்வி இன்னிக்கு ராத்திரி செலவு இல்ல, தினமும் யார் ஊசி போடுவாங்க, வாரம் ரெண்டு தடவ தோலுக்கு அடில சலைன் யார் ஏத்துவாங்க, ஊருக்கு போனா யார் பாப்பாங்கங்கிறது. வேலைக்கு போற ரெண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்ல இது பெரிய விஷயம். எஃப்ஐபி (பூனைங்களோட ஒரு வகை கொரோனா வைரஸால வர்ற வியாதி) இருக்குன்னு சொன்னாங்கன்னா பழைய தகவல படிச்சிட்டு முடிவெடுக்காதீங்க, சில வருஷம் முன்னாடி வரைக்கும் அது சாவுதான், இப்ப ஜிஎஸ் 441524ன்னு ஒரு மருந்து இருக்கு, வழக்கமா 84 நாள் குடுப்பாங்க, நிறைய பூனைங்க பொழைக்குது, உங்க டாக்டர்கிட்ட அந்த பேர சொல்லி கேளுங்க.

சிலதுல வைத்தியம்ங்கிறது வலிய நீட்டிக்கிறது மட்டும்தான். இதய நோயால ரத்தக்கட்டி போய் பின்னங்கால் ரெண்டும் செத்துப்போன பூனை, வயித்து முழுக்க பரவுன கேன்சர், பதினேழு வயசுல கிட்னி முழுசா நின்னுபோனது. எங்க தெரு ஆயா ஒருத்தங்க வளத்த மணிங்கிற பூனைக்கு இப்படித்தான் கால் போச்சு, ராத்திரி முழுக்க அது கத்தின சத்தம் மூணு வீட்டுக்கு கேட்டுச்சு, ஆயா "கடவுள் கூட்டிக்கட்டும், நாமளா செய்யக்கூடாது"ன்னு உக்காந்திருந்தாங்க. விடிஞ்சு ஆறு மணிக்கு போச்சு. அவங்க நம்பிக்கைய நான் கொற சொல்ல மாட்டேன், ஆனா வலி ஊசி ஒண்ணு போட்டிருக்கலாம், அதுக்கு எந்த சாமியும் தடை சொல்லாதுன்னு இன்னிக்கும் தோணும்.

வீட்ல முடிவெடுக்கும்போது எல்லாரையும் கேளுங்க, ஆனா முடிவு ஒருத்தர் கைல இருக்கட்டும், தினமும் அதுக்கு சோறு வைக்கிறவர் கைல. போன்ல இருக்கிற சித்தப்பா "பூனைக்கு போய் பத்தாயிரமா"ன்னு கேப்பார், அவருக்கு பதில் சொல்ல வேண்டிய நேரம் அது இல்ல. தெரு பூனைய தூக்கிட்டு போறவங்களுக்கு இன்னொண்ணு, அட்மிட் பண்றதுக்கு முன்னாடியே டிஸ்சார்ஜ் ஆனா எங்க வைக்கிறதுன்னு யோசிச்சுருங்க, வீட்ல பூனை இருந்தா ஒரே ரூம்ல விட முடியாது.

ஸ்டெப் 7: தூங்க வைக்கிறதுன்னு முடிவாச்சுன்னா

இனி தேறாத பூனைக்கு வலி தெரியாம ஊசி போட்டு உயிர அடக்குறதத்தான் தூங்க வைக்கிறதுன்னு சொல்றோம். டாக்டரே இத மொதல்ல சொல்ல மாட்டார் பல தடவ, நீங்க கேக்கணும். எப்படி நடக்கும்னு முன்னாடியே தெரிஞ்சா பயம் கொறையும்: மொதல்ல மயக்க ஊசி, நல்லா தூங்கினப்புறம் நரம்புல மயக்க மருந்த அதிக அளவுல ஏத்துவாங்க, சில நிமிஷத்துல இதயம் நிக்கும். மயக்க ஊசி மொதல்ல போடுவீங்களான்னு கேட்டுக்குங்க. கண்ணு மூடாது, தொறந்தபடியேதான் இருக்கும், அப்புறம் ஒரு தடவ மூச்சு இழுத்த மாதிரி இருக்கலாம், கொஞ்சம் யூரின் போகலாம், அது வலியில்ல. கூட நிக்க முடிஞ்சா நில்லுங்க, உங்க கை வாசனை அதுக்கு போதும். முடியலன்னா வெளிய உக்காருங்க, ஒண்ணும் குத்தமில்ல. பொதைக்கிறதுக்கு எடம் இல்லாத ப்ளாட்ல இருந்தா தகனம் எங்க பண்றதுன்னு அங்கயே கேட்டுட்டு வாங்க.

தொத்து வியாதில போயிருந்தா ஒண்ணு கவனிக்கணும், பேன்லூக்கோபீனியா வைரஸ் வீட்ல ஒரு வருஷம் வரைக்கும் உயிரோட இருக்கும், டெட்டால் அத கொல்லாது, ப்ளீச்தான். தரைய ப்ளீச் கலந்த தண்ணில பத்து நிமிஷம் ஊற விட்டு தொடச்சு, துணி, லிட்டர் பாக்ஸ் எல்லாத்தையும் தூக்கி போட்டுருங்க. மனசு ஆறட்டும்னு உடனே அடுத்த குட்டிய கொண்டு வந்துராதீங்க, தடுப்பூசி முழுசா போட்ட பூனைன்னா வேற விஷயம்.

ஸ்டெப் 8: பொழச்சு வீட்டுக்கு வந்தா

டிஸ்சார்ஜ் அன்னிக்கு எல்லாரும் சந்தோஷத்துல டாக்டர் சொல்றத பாதிதான் கேப்போம், அதனால போன்ல ரெக்கார்ட் பண்ணிக்குங்க. எந்த மருந்து எத்தன மணிக்கு, எது ஆச்சுன்னா திரும்ப ஓடி வரணும், ராத்திரி எந்த நம்பர். வாசனை மாறியிருக்கும், வீட்ல இருக்கிற மத்த பூனைங்க சீறும், ஒரு நாள் தனி ரூம்ல வைங்க.

அடைப்பு வந்த பூனைக்கு மொத வாரம்தான் திரும்ப அடைக்கிற ஆபத்து ஜாஸ்தி. நான் லிட்டர் பாக்ஸ் பக்கத்துல சுவத்துல காலண்டர் மாட்டி, ஒவ்வொரு தடவ அள்ளும்போதும் யூரின் பட்டு மணல் எத்தன கட்டி, எவ்ளோ பெருசுன்னு எழுதினேன், எலுமிச்சை, நெல்லிக்கா, சுண்டக்கான்னு சைஸ் போட்டு. மூணாவது நாள் வெறும் சுண்டக்காவா வந்ததும் போன் பண்ணேன், திரும்ப கொண்டு வரச் சொன்னாங்க, பை தொட்டு பாத்துட்டு எரிச்சலாலதான், அடைக்கலன்னு அனுப்பினாங்க. உலர் தீனிய கொறச்சு ஈர உணவு, வேக வச்ச கோழி தண்ணியோட, உப்பு வெங்காயம் பூண்டு எதுவும் போடாம. தண்ணி கிண்ணம் நாலு எடத்துல வச்சேன், ஒண்ணு பீங்கான், ஒண்ணு எவர்சில்வர், ஒண்ணு மண்சட்டி, ஆயிரத்து இருநூறு ரூபா குடுத்து தண்ணி ஊத்துற மோட்டார் பவுண்டன் வேற. சார் இன்னி வரைக்கும் பாத்ரூம் பக்கெட்ல, மக்க தள்ளிட்டு, அதுலதான் குடிக்கிறார்.